பேயா, பித்தா, மூளை அழற்சியா?

நேற்றுவரை பால்வெட்டுக்குச் சென்றுவந்த பெண்ணொருத்தி திடீரென உறக்கமின்றிப் பிதற்றுகிறாள். பெற்ற தாயையே ஐயுறுகிறாள். இல்லாத குரல்களுக்கு மறுமொழி கூறுகிறாள். அண்டை வீட்டார் காற்றுச் சேட்டை என்று மந்திரிக்க ஆள் தேடுவர். சற்றே படித்தவர் சித்தப்பிரமை என்று முடிவு கட்டுவர். இவ்விரண்டும் அல்லாத காரணம் ஒன்று உண்டு என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

மூளையின் உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாற நுண்ணிய ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியை, கிருமிகளைத் தாக்கவேண்டிய நம் உடலின் எதிர்ப்பொருள்களே தவறுதலாகத் தாக்குவதுண்டு. இந்நோயை டாக்டர் ஜோசப் டால்மாவும் குழுவினரும் 2007ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தனர். இளம் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. சிறுவர்க்கும் ஆடவர்க்கும் வருவதுண்டு. சிலருக்குச் சூற்பையில் தோன்றும் கட்டியே மூலம்.

முதலில் காய்ச்சலும் தலைவலியும் காணலாம். சில நாட்களில் மனம் பேதலிக்கும். பின்னர் வலிப்பு, எதையோ மெல்லுவது போன்ற வாயசைவு, பேச்சடைப்பு ஆகியன தொடரலாம். முன்னர்க் கண்ட காய்ச்சலை மருத்துவரிடம் கூற வீட்டார் மறந்துவிடுவதே பெருங்கேடு.

2009ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் சூசன்னா கஹலன் என்னும் 24 வயதுச் செய்தியாளர் இந்நோய்க்கு ஆளானார். மூளைப் படங்கள் குறையொன்றும் காட்டவில்லை. டாக்டர் சுஹேல் நஜ்ஜார் அவரைக் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். அவரோ எண்கள் அனைத்தையும் வட்டத்தின் வலப்பாதியிலேயே அடுக்கிவிட்டார். இடப்பக்கத்தைக் கவனிக்கும் வலது மூளை பழுதுற்றிருப்பது புலனாயிற்று. விலையுயர்ந்த பொறி காட்டாததை ஒரு தாள் காட்டிற்று! சிகிச்சைக்குப்பின் அவர் தம் பணிக்கே திரும்பினார்.

நோயை உறுதிசெய்ய மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வர். முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்துச் சோதிப்பர். அவ்வூசியால் கால் விளங்காமற் போகும் என்னும் அச்சம் நம்மவரிடை உண்டு. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. ஆதலால் அவ்வச்சம் வேண்டுவதில்லை.

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியன சிகிச்சைகள். கட்டி இருப்பின் அறுவை செய்வர். மனநோய் மாத்திரைகள் கொந்தளிப்பைத் தணிக்கலாம், மூலத்தை நீக்கா. 2013இல் வெளியான ஆய்வொன்றில், 24 மாதங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் நன்கு தேறியிருந்தனர். விரைந்து சிகிச்சை பெற்றோர்க்கே நற்பயன் மிகுதி.

இஃது அரிய நோய். மனநோயாளர் எல்லோர்க்கும் இதுவே காரணம் எனக் கொள்ளலாகாது. மனநோயும் மருத்துவத்திற்குரிய நோயே. திருநீறு பூசுவதை நாம் தடுக்கவில்லை. ஆயினும் காய்ச்சல் கண்ட நாள், பேச்சு மாறிய நாள், வலிப்பு வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றே நோயாளியை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.