குப்பைக் குறைகளை வரிசைப்படுத்தும் ஒரு வரைபடம்

நகரத்துக் குப்பையைப்பற்றிக் குறைகூறாதார் இலர். ஆயின் அக்குறைகளுள் எதனை முதலிற் களைவது என்று கேட்பின், ஒருவர் கூறுவதை மற்றொருவர் ஒப்பார். தெருத்தொட்டி நிரம்பி வழிவதே பெரிதென்பார் ஒருவர்; சாக்கடை அடைபட்டதையே முற்படக் கூறுவார் மற்றொருவர்; வைகறையில் எழும் புகையால் இருமுவோர்க்கோ அதுவே முதற்குறை. நகராட்சியாரிடம் உள்ள ஆளும் வண்டியும் பொருளும் அளவுபட்டவை. ஆதலின், யாவற்றையும் ஒருங்கே தொடங்கி ஒன்றையும் முடியாது விடுதல் எளிதில் நேர்வதாம். இவ்விடத்து உதவும் கருவி ஒன்றனை விளக்கப் புகுகின்றோம். தொழிற்சாலைகளிற் பொருளின் தரத்தை ஆராய்வோர் கையாளும் பரேட்டோ வரைபடம் என்பது அது.

பரேட்டோ (1848–1923) இத்தாலியப் பொருளியலறிஞர். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் இருந்தவர். செல்வம் மக்களிடையே சமமாய்ப் பரவாது, பெரும்பங்கு சிலர் கையிலேயே தங்குதலை அவர் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் அமெரிக்கப் பொறியியலறிஞராகிய ஜோசப் ஜுரான் (1904–2008), தொழிற்சாலைப் பழுதுகளிலும் இவ்வியல்பு இருத்தலைக் கண்டு, பெருங்கேடு விளைக்கும் சிலவற்றையும் சிறுகேடு விளைக்கும் பலவற்றையும் பிரித்தறிதல் வேண்டும் என்றார். அதற்குப் பரேட்டோவின் பெயரையும் இட்டார். அப்பெயர் பொருந்தாதென 1975ஆம் ஆண்டில் ஜுரானே எழுதினார் எனினும், இட்ட பெயர் நிலைத்துவிட்டது. நூற்றுக்கு எண்பது, இருபது என்று பலரும் கூறும் கணக்கு ஏறக்குறையச் சொன்னதேயன்றி இயற்கை விதியன்று.

வரையும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறிக. ஒரு வட்டத்தில் ஒரு திங்களில் 200 முறையீடுகள் வந்தன எனக் கொள்வோம். தொட்டி வழிதல் 86, வண்டி வாராமை 58, சாக்கடை அடைப்பு 24, குப்பை எரித்தல் 14, நாயும் மாடும் கிளறுதல் 10, பிற 8. இவற்றைப் பெரியது முதலாக இடமிருந்து வலமாகத் தூண்களாய் நிறுத்துக. பிறகு ஒவ்வொரு தூண்வரையிலும் சேர்ந்த தொகை நூற்றுக்கு எத்துணை என்று கணக்கிட்டு, அப்புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்க. அவை முறையே 43, 72, 84, 91, 96, 100 ஆகும். முதலிரண்டு குறைகளே முறையீடுகளுள் 72 சதவீதத்துக்குக் காரணமாதல் பார்த்த அளவிலே விளங்கும். அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வேரினின்று, அதாவது வண்டி உரிய காலத்து வாராமையினின்று, தோன்றியன ஆகலாம். அதனை அடுத்து ஆராய்தல் வேண்டும்.

'பிற' என்னும் தூண் எத்துணை உயரமாயினும் கடைசியிலேயே நிற்றல் மரபு. அது மிக உயர்ந்து நின்றால், பகுத்த முறையே பிழையென்று கொள்க. தூண்கள் யாவும் ஏறக்குறைய ஒரே உயரமாயின், குறையின் வகையாற் பிரிப்பதை விடுத்துத் தெருவாலோ கிழமையாலோ வண்டியாலோ பிரித்துப் பார்க்கலாம்.

இனி, இக்கருவியைப்பற்றி யாம் முதன்மையாகக் கூற விழைவது யாதெனின், எதனை எண்ணினோமோ அதனையே இது வரிசைப்படுத்தும் என்பதாம். எடையால் அளந்தால் நம் நாட்டு நகரங்களில் உணவுக்கழிவு முதலிடம் பெறும்; மெல்லிய பிளாஸ்டிக் பை கடைசியில் ஒதுங்கும். ஆயினும் 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து வெள்ளம் சூழ்ந்தபோது, வடிகால்களை அடைத்தவற்றுள் அப்பைகளும் இருந்தன. வங்காளதேசத்தார் இவ்வடைப்பைக் கருதியே 2002இல் அவற்றைத் தடுத்தனர். எடையால் வரைந்த படம் அவர்களுக்கு இதனைக் காட்டியிராது.

ஆதலின் ஒவ்வொரு குறைக்கும் அதன் கேட்டிற்கேற்ப ஒரு மதிப்பெண் கொடுத்துப் பெருக்குதல் உண்டு. மேற்கூறிய கணக்கில் எரித்தலுக்கு 5, அடைப்புக்கு 4, கிளறுதலுக்கு 2, ஏனையவற்றுக்கு 1 எனக் கொள்க. அடைப்பு 96, வழிதல் 86, எரித்தல் 70, வாராமை 58, கிளறுதல் 20, பிற 8 என வரிசையே மாறிவிடும்! மதிப்பெண்ணை எண்ணத் தொடங்குமுன்னரே பலரறிய வகுத்தல் வேண்டும். பின்னர் வகுப்பின், வேண்டியவாறு படம் வரையலாம். அத்தகைய படம் இல்லாதிருத்தலே நன்று.

மற்றொன்றும் உண்டு. முறையிடுவோர் யார்? சென்னை மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் கொட்டப்பட்டு வந்தது. நகரத் தெருவில் வண்டி விரைந்து வந்தால் தொட்டி வழியாது, முறையீடு குறையும், தூணும் தாழும். அப்பொழுதும் அவ்விரண்டு இடங்களிலும் மலை வளர்ந்துகொண்டேயிருக்கும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியிற் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றியபோது, புகையை உண்டவர் அதன் அருகில் வாழ்ந்தோரே. தெருவின் முறையீட்டை மட்டும் எண்ணுவோர், ஒருவர் வாயிலிலுள்ள குறையை மற்றொருவர் வாயிலுக்குப் பெயர்த்துவிட்டுத் தீர்ந்ததென்று மகிழ்வர். முறையிட வழியறியாதார் வாழும் பகுதிக்கு நேரிற் சென்று எண்ணுதலும், கிடங்கின் வாயிலில் இறங்கும் எடையை நாள்தோறும் குறித்தலும் இதற்கு மாற்றாகும்.

மாணாக்கர் இம்முறையை விடுதியிலேயே செய்து பார்க்கலாம். ஏழு நாள் மீந்த உணவை வேளைவாரியாகவும் வகைவாரியாகவும் எடையிட்டுப் படம் வரைக. முதற்றூணுக்குரிய காரணத்தை ஆராய்ந்து ஒரு மாற்றம் செய்து, மீண்டும் ஏழு நாள் எடையிட்டு, அதே அளவுகோலில் இரண்டாம் படம் வரைந்து அருகில் வைத்து நோக்குக. அளவுகோல் மாறினால் தாழாத தூணும் தாழ்ந்ததுபோற் காட்டும். விருந்து நாள் இடையில் வருமாயின் அதனைத் தனியே குறித்துக்கொள்க.