புகை தள்ளினால் இழுக்குமா?

திருக்கழுக்குன்றம் சாலையில் ஜல்லி லோடு ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் போகும் பழைய டிப்பருக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: கியர் மாறியதும் ஒரு பிடி கரி முகத்தில் அப்பும். அதே புகையைக் கண்ணாடியில் பார்க்கும் டிரைவருக்கோ மனசு நிறையும். “புகை தள்னாத்தாண்ணா வண்டி இழுக்குதுன்னு அர்த்தம்” என்பார். பழைய டீசல் இன்ஜினுக்கு ‘பவர் ஏற்றுகிறேன்’ என்று நடக்கிற வேலைகளில் பாதி இந்த ஒரு நம்பிக்கையில் பிறந்தவை.

உண்மை நேர் எதிர். அந்தக் கரி, காசு கொடுத்து வாங்கி எரியாமல் போன டீசல்.

டாடாவின் 697 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். கொள்ளளவு 5,675 சி.சி. டர்போ இல்லாத இன்ஜின் 2,400 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1,200 முறை அந்தக் கொள்ளளவை நிரப்ப வேண்டும். முழுசாக நிரம்பாது, நடைமுறையில் 5,800 லிட்டர் காற்று, அதாவது சுமார் ஆறரை கிலோ உள்ளே போகும். ஒரு கிலோ டீசல் புகையில்லாமல் எரியக் குறைந்தது 18 கிலோ காற்றாவது வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 360 கிராம் டீசல். அரை லிட்டர்கூட இல்லை. அதிலிருந்து 120, 130 குதிரைசக்திக்கு மேல் எழும்பாது. டீசல் பம்ப் எவ்வளவு ஊற்றினாலும் காற்று கூடப்போவதில்லை.

பிறகு ஏன் பம்ப் ஸ்குரூவைத் திருப்பியதும் வண்டி துள்ளுகிறது? துள்ளுவது நிஜம்தான். கம்பெனி புகைக்குப் பயந்து கொஞ்சம் அடக்கியே வைத்திருப்பதால், முதல் கால் திருப்பில் சிறிது சக்தி கூடும். அந்தச் சின்ன லாபத்தை ருசி பார்த்தவர் அடுத்த அரைத் திருப்பையும் திருப்பிவிடுகிறார். அதற்கப்புறம் கூடுவது சூடுதான். பிஸ்டன் தலை அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். எரியாத டீசல் லைனர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவ, கரி கலந்த ஆயில் கூழாகும். மைக்கோ பம்பின் ஈய சீலை ரோட்டோரத்தில் உடைத்துத் திருப்புகிறவரால் ஆறு சிலிண்டருக்கும் சமமாகப் போகிறதா என்று பார்க்கவும் முடியாது. அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும்.

நம் பக்கத்து லாரிகளின் நிஜமான நோய் வேறு. கிரஷர் தூசி. பல்லாவரம் தொடங்கி செங்கல்பட்டு வட்டாரம் வரை கிடக்கும் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை என்பதால் வந்த பெயர் அது. அந்தப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. லைனர் இரும்பைவிடக் கடினம். குவாரிப் பள்ளத்தில் ஒரு வாரம் ஏறி இறங்கிய வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றினால் விபூதி போலக் கொட்டுகிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், இழுவை குறையும், புகை வரும். உடனே பம்பைக் கூட்டச் சொல்கிறார்கள்! மூச்சு முட்டுகிறவனுக்கு இன்னும் இரண்டு இட்லி ஊட்டுகிற கதை. ஃபில்டரை டயரில் தட்டிச் சுத்தம் செய்வது இன்னொரு வழக்கம். விளிம்பு ரப்பர் நெளிந்தால் அந்தச் சந்து வழியாகத் தூசி நேரே லைனருக்குப் போகும். ஆறே மாதத்தில் ரிங் வேலை வந்தாலும் ஆச்சரியமில்லை. அக்னி நட்சத்திரத்தில் வேறு 42 டிகிரிக் காற்று, 27 டிகிரிக் காற்றைவிட 5 சதவீதம் லேசு.

டீசல் பீய்ச்சும் டைமிங்கை முன்னே தள்ளினால் சத்தம் ‘டக் டக்’கென்று கம்பீரமாகும். அந்தக் கம்பீரம் ஹெட் கேஸ்கெட்டிலும் பேரிங்கிலும் விழும் அடி. சைலன்சரைக் கழற்றினால் பவர் என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

டர்போ மாட்டுவது மட்டும் பொய்யில்லை, அது காற்றையே கூட்டுகிறது. ஆனால் அதற்கான பிஸ்டன், ஆயில் வழி, ரேடியேட்டர், கிளட்ச் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் நிலைக்கும். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த பல இன்ஜின்களின் பம்பில், டர்போ காற்று சேரும்வரை டீசலை மட்டுப்படுத்தும் சின்ன டயாஃப்ரம் ஒன்று இருக்கும். ‘பிக்கப்’ என்ற பெயரில் அதை முடக்குவதுதான் சிக்னலில் கிளம்பும்போது எழும் கருமேகம்.

‘யார் கேட்கப்போகிறார்கள்’ என்பதும் ஒரு நம்பிக்கை. பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. 8 வருடம் தாண்டிய லாரி ஆண்டுதோறும் எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்சிக்கு முதல் நாள் ஸ்குரூவைக் குறைத்து, மறுநாள் கூட்டிக்கொள்கிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் ‘இழுக்கவே மாட்டேங்குதுணா’ என்று பழைய டிப்பர் வந்தது. அவர் பம்பைத் தொடவில்லை. ஃபில்டர் புதுசு, டேப்பட் சரி, நாசில் ஆறையும் டெஸ்டருக்கு அனுப்பி இரண்டை மாற்றினார். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் ஒன்று நகரவில்லை, பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே லோடு அடித்திருக்கிறார். அதையும் தளர்த்திக் கொடுத்தார். மூன்றாம் நாள் டிரைவர் திரும்பி வந்தார்.

“நல்லா இழுக்குதுணா. ஆனா புகையே காணோமே, பம்ப்ப கொஞ்சம் கூட்டிவுடுறியா?”