ஆட்டோமேஷன் வேலைக்குப் போகும் முன்

புனேயின் வானவடியில் வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகளின் கண் முதலில் மகர்பட்டாவின் ஐடி கம்பெனிகள் மேல்தான் விழுகிறது. அதன் பக்கத்திலேயே ஹடப்சர் தொழிற்பேட்டை. வடக்கே போசரி, சாகண். ஐடிஐ எலக்ட்ரீஷியனோ இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோவோ கையில் இருந்தால் அந்தப் பக்கமும் விண்ணப்பம் போடுங்கள்.

அந்த ஆலைகளில் மெஷினை ஓட்டுவது பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவி. 1960-களின் கடைசியில், அமெரிக்கக் கார் ஆலைகளில் மாடல் மாறும்போதெல்லாம் பேனல் பேனலாக ரிலேக்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்தாக டிக் மோர்லியின் குழு 'மோடிகான் 084' என்ற பிஎல்சியைக் கொண்டுவந்தது. பிஎல்சி சென்சார்கள் சொல்வதைப் படிக்கும், எழுதிவைத்த லாஜிக்கை ஓட்டும், மோட்டாருக்கும் வால்வுக்கும் உத்தரவு கொடுக்கும். சில மில்லிசெகண்டில் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடிப்படை இவ்வளவுதான். 'கோடெசிஸ்' மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டு, பிஎல்சிக்கு லாஜிக் எழுதும் லேடர் மொழியை வீட்டிலேயே சிமுலேஷனில் பழகலாம். காசு கட்டி கோர்ஸில் சேரும் முன் இதைச் செய்து பாருங்கள்.

லேடர் எழுதத் தெரிந்தவர்கள் நிறைய பேர். வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள்தான் குறைவு. டாங்கின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் ஏன் 0-வில் தொடங்காமல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை அனுப்புகிறது? அழுத்தமே இல்லாதபோதும் 4 வரும். 0 வந்தால் வயர் போய்விட்டது என்று உடனே தெரிந்துவிடும். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்கு ஏன் இயல்பில் மூடியிருக்கும் கான்டாக்ட்? வயர் அறுந்தாலே, பட்டனை அழுத்தியதுபோல மெஷின் நின்றுவிடும். இயல்பில் திறந்திருக்கும் கான்டாக்டைப் போட்டிருந்தால், ஒருவர் கை உள்ளே மாட்டிக்கொண்டு பட்டனை அடிக்கும்போதுதான் வயர் அறுந்திருப்பதே தெரியவரும்.

பிரஸ் ஷாப்பில் பாதுகாப்பில் காட்டும் கவனக்குறைவால் விரல்கள் போகின்றன. இரண்டு கையாலும் அழுத்தினால் மட்டுமே இறங்க வேண்டிய பிரஸ்ஸில், வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டனை பைபாஸ் செய்கிறார்கள். வாகன உதிரிபாக ஆலைகளில் இப்படி அடிபட்டவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் 'க்ரஷ்டு' என்ற அறிக்கைகளை வெளியிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம்மைப் போல.

இதே ஆட்டோமேஷன் சிலருக்குக் கதவைத் திறந்தும் விட்டிருக்கிறது. பஜாஜ் ஆட்டோ 2010-இலேயே, மனிதரோடு தோள் சேர்ந்து வேலை செய்யும் கோபாட்களைக் கொண்டுவரத் தொடங்கியது. அதன் சாகண் ஆலையில் அசெம்பிளி லைனில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். உடம்பை வருத்தும் வேலையை இயந்திரக் கை வாங்கிக்கொண்டது அதற்கு உதவியது. வேறு சில இடங்களில் அதே கை ஹெல்பர்களின் வேலையைக் குறைக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் மராத்தி பேசப் பழகுங்கள். மெஷின் எந்த இடத்தில் மக்கர் செய்யும் என்பது ஆபரேட்டருக்குத்தான் தெரியும். பேனலைத் திறக்கும் முன் அவரைக் கேளுங்கள். "ஒரு ஷிஃப்ட்டுக்கு மட்டும் சென்சாரை பைபாஸ் பண்ணிவிடு" என்று சூப்பர்வைசர் கேட்கப்போவது உங்களிடம்தான். மாட்டேன் என்று சொல்லுங்கள். கேட்ட நேரத்தையும் கேட்டவர் பெயரையும் ஷிஃப்ட் லாக் புக்கில் எழுதிவிட்டு, அந்த மெஷினில் நிற்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.