ஒரே செய்தியில் மூன்று கொழுந்து

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. பேச்சில் கெட்டிக்காரன், கணக்கும் நன்றாக வரும். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பொடியன்மாரின் வாட்ஸ்அப் குழுவில் அவன் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 'கொழுந்து' என்ற சொல்லை ஒரே செய்தியில் 'கொளுந்து', 'கொழந்து', 'கொந்துழு' என்று மூன்று விதமாக எழுதியிருந்தான். கண்ணைக் காட்டச் சொல்கிறார் மாமா. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்பு, எழுத்துச் சிக்கலாக இருக்கலாம் என்கிறார் தெரிந்த டீச்சர் ஒருவர். ஏன் இப்படி எழுதுகிறான்? போனில் ஏன் இன்னும் மோசமாகிறது?
வாசகி, நமுனுகுல

பதில்: மூன்று பிழைகளையும் அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

'கொளுந்து' என்பதைத் தம்பியின் கணக்கில் சேர்க்காதீர்கள். காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களம் முதல் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை பலர் வாயிலும் வருவது அந்த ளகரம்தான். காதில் விழுந்ததை அவர் உள்ளபடி எழுதியிருக்கிறார். ழ-ள, ர-ற குழப்பம் தமிழ் எழுதுகிற பலருக்கும் பொது. ஒற்று மிகுமா மிகாதா என்று பத்திரிகை ஆபீஸ்களிலேயே இன்னும் சண்டை நடக்கிறது.

கவனிக்க வேண்டியது 'கொந்துழு'வை. அதில் எழுத்துகளெல்லாம் இருக்கின்றன, வரிசை போய்விட்டது. விதி தெரியாதவர் பெரும்பாலும் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வார். தம்பிக்கோ ஒவ்வொரு முறையும் புதுப்பிழை வருகிறது. இதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் டீச்சரின் சந்தேகம் நியாயமானது.

மாமா கண்ணைச் சந்தேகிப்பதிலும் ஒரு சரித்திரம் உண்டு. 1887இல் டிஸ்லெக்சியா என்ற பெயரை வைத்த ஜெர்மானியரான ருடால்ஃப் பெர்லினே ஒரு கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், பேர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பையன் கெட்டிக்காரன், கணக்கும் போடுவான். ஆனால் தன் பெயரையே 'பிரெசி' என்று எழுதினான்! மோர்கன் அதைப் 'பிறவிச் சொற்குருடு' என்று அழைத்தார். அந்தப் பெயரோடு கண் பற்றிய எண்ணமும் ஒட்டிக்கொண்டது. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தில் டிஸ்லெக்சியா உள்ள சிறுவனின் கண்முன் எழுத்துகள் நடனமாடியதும் அதற்குத் துணைபோனது. பார்வையைச் சோதித்துக்கொள்வதில் தவறில்லை. கண்ணாடி போட்டால் கொழுந்து சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1970களிலிருந்து ஆய்வாளர்களின் கவனம் கண்ணை விட்டு ஒலிக்குத் திரும்பியது. டிஸ்லெக்சியா உள்ளவர்களில் பெரும்பாலானோரிடம் தடுமாறுவது ஒலியுணர்வு, அதாவது ஒரு சொல்லின் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, வரிசை குலையாமல் மனத்தில் பிடித்துவைக்கும் திறன். பேசும்போது 'கொழுந்து' ஒரே மூச்சில் வந்துவிடும், பிரிக்கத் தேவையில்லை. எழுதும்போதுதான் பிரித்தாக வேண்டும். அறிவுக்கும் சோம்பலுக்கும் இதில் வேலையில்லை. குடும்ப வழியாக வருவதும் உண்டு.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் ஒலிக்கும் எழுத்துக்கும் உறவு நேரானது. ஆனாலும் நம் எழுத்துக்கும் ஒரு குறும்பு உண்டு. 'கொ'வில் காதுக்கு முதலில் வருவது ககர ஒலி, பிறகுதான் ஒகரம். கையோ முதலில் கொம்பைப் போட்டு, பிறகு ககரத்தை எழுதி, கடைசியில் காலைப் போடுகிறது. போன் விசைப்பலகையில் ககரத்தை முதலில் தட்ட வேண்டும். பின்னால் தட்டும் குறி தாவிப்போய் எழுத்தின் இரு பக்கமும் நிற்கும்! காதும் கையும் போனும் ஆளுக்கொரு வரிசை சொன்னால், ஏற்கெனவே வரிசையில் தடுமாறுபவர் என்ன செய்வார்?

போனில் மோசமாவதற்கு வேறு காரணமும் உண்டு. அங்கே நடப்பது பேச்சு, அது எழுத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. பேச்சின் வேகத்தில் பதில் போட வேண்டும், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கவனமெல்லாம் எழுத்துக்கே செலவாவதால் வினைமுற்று விழுந்துபோகும், 'போனேன்' 'போனான்' ஆகும். வாயால் சொல்லச் சொல்லிப் பாருங்கள், இலக்கணம் ஒழுங்காகவே இருக்கும். எழுத்துப்பிழை திருத்தியும் ஓரளவுக்குத்தான் உதவும். 'நாளை அழைக்கிறேன்' என்பது 'நாளை அலைக்கிறேன்' ஆகிவிட்டால் அது வாயைத் திறக்காது. இரண்டுமே தமிழ்ச்சொற்கள் அல்லவா!

பொடியன்மார் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்களே, அங்கே சரியான எழுத்து என்று ஒன்று கிடையாது, ஆகவே சிரிப்பாரும் இல்லை. தம்பிக்கு எழுத அது சுலபமாகலாம். படிக்கக் கடினம்: மலை, மழை, மாலை மூன்றும் ஒரே மாதிரி வந்து நிற்கலாம்.

தம்பிக்கு என் யோசனை, குரல்தட்டச்சு. அவர் பேசுவார், போன் எழுதும். 'பெரட்டு' போன்ற தோட்டத்துச் சொற்களை அது என்னவாக எழுதும் என்பதற்கு நான் பொறுப்பில்லை. அனுப்புமுன் போனையே படித்துக் காட்டச் சொல்லலாம், கண்ணுக்குத் தப்பிய பிழை காதில் இடறும். அவசரமென்றால் குரல்செய்தி போதும்.

சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அரிது, எகர ஏகார வேறுபாடும் பெரும்பாலும் தெரியாது. இடம் பார்த்துத்தான் படித்தார்கள். குழுவில் திருத்தியே ஆக வேண்டியவை நாள், நேரம், தொகை. அவற்றையும் தனியாகச் சொல்லலாம். நமுனுகுல மலையடியில் இருந்துகொண்டு தம்பி 'மலை வருது' என்று எழுதினால், குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.