பெண் வீட்டு வழி

அன்பு மருமகளுக்கு,

இந்த ஆடியில் நீயும் கதிர்காமத்துக்கு நடக்கப்போவதாக அக்கா சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. எத்தனை சோடி செருப்பு வேண்டும், என்னென்ன மருந்து வேண்டும் என்று கேட்டிருந்தாய். கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முதல், என் நடையில் ஒரு பகலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாத்திரை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது என்பது உனக்குத் தெரியும். முல்லைத்தீவு, திருகோணமலை கடந்து வெருகல் ஆற்றைத் தாண்டினால் நமது மட்டக்களப்பு மாவட்டம். கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி. பிறகு வாவிக்கரை ஊர்கள். திருக்கோவில், பொத்துவில், உகந்தை. அதற்கப்பால் குமண, யால காடுகள். உன் கூட்டம் மட்டக்களப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்கிறதாம். நீ வெருகலுக்குப் போய் அங்கிருந்து நட. காரணம் இதுதான்.

நான் கதிரவெளியிலிருந்து வாகரைக்கு நடந்த நாள். காலை எட்டு மணிக்கே கச்சான் காற்று அடுப்பு வாய்போல அடித்தது. மற்றவர்கள் மர நிழலில் தங்கினார்கள். நான் முந்திப்போகும் ஆசையில் தனியே விரைந்தேன். பத்து மணிக்குள் போத்தல் காலி. புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் உரித்திருந்தது. மணலில் கால் புதையப் புதைய நடந்து, உச்சி வெயிலில் ஒரு பாலை மரத்தடியில் விழுந்ததுபோல உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு முதியவர் முன்பே இருந்தார். இடுப்பில் கத்தி, பக்கத்தில் தேன் எடுக்கும் வாளி. என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "ஓடி வந்திரிக்கீங்க தம்பி. இரிங்க, வெயில் சாயட்டும்" என்றார். இளவயதில் வேட்டைக்குப் போனவராம்; இப்போது தேனும் மீனும்தான். "நாங்க வேடர்" என்றார், ஊர்ப்பெயர் சொல்வதுபோல இயல்பாக.

தண்ணீர் கேட்டேன். எழுந்து, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே ஒரு தாழ்வான இடத்தில் கையால் பூவல் என்ற சிறு ஊற்றுக்குழி தோண்டினார். முழங்கை அளவுகூட இல்லை, மணல் கசிந்தது. முதலில் ஊறிய கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் இறைத்து ஊற்றினார். இரண்டாவதையும் இறைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவதாக ஊறியது கண்ணாடிபோல இருந்தது. குடித்தேன், உப்பே இல்லை.

இது அற்புதம் அல்ல, மகள். மழை நீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரைவிடப் பாரம் குறைந்ததால் அதன்மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலும் அவசரமாக இறைத்தாலும் அடியிலுள்ள உப்பு மேலே வந்துவிடும். கொஞ்சமாகத் தோண்டி, கொஞ்சமாக எடுத்து, ஊறும்வரை இருப்பவனுக்குத்தான் அந்த மண் நல்ல தண்ணீர் கொடுக்கும். முழுக்காலையும் நான் செய்த பிழை என்னவென்று அந்தக் குழியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

வெயில் சாய்ந்த பிறகு முதியவர் என்னோடு கொஞ்சத் தூரம் வந்தார். வழியில் சொல்லித்தந்தார்: யானை லத்தி ஈரமாக இருந்தால் நின்று காது கொடு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் புதருக்குள் போகாதே. குரங்கு இடைவிடாமல் கத்தினால் அது உனக்கும் சொல்லும் சேதி. வேட்டைக்காரன் உயிர் பிழைத்தது வில்லால் மட்டுமல்ல, இப்படி நிற்கத் தெரிந்ததால்.

அவருடைய ஆட்களைப் பற்றி எழுத்திலும் உண்டு. 1911இல் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் நமது கரையோர வேடருக்கும் இடம் இருக்கிறது. பிறகு 1937இல், வேட்டையைக் கட்டுப்படுத்தும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யால தேசியப் பூங்காவானது. காட்டுயிரைக் காக்கச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் வேட்டையோடு சேர்த்து வேடரின் அறிவையும் வேண்டாததென்று நாம் ஒதுக்கிவிட்டோம். "வேடன்" என்ற சொல்லை ஏச்சாகக்கூட நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு நோகிறது.

நீ யாரைப் பார்க்க நடக்கிறாய்? வேடர் வளர்த்த பெண்ணை மணந்தவரை. கதிர்காமத்தில் திருவிழா இரவுகளில் யானைமேல் எழுந்தருளி வள்ளியம்மன் கோயிலுக்குத்தான் முருகன் போகிறார். நமது பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். அப்படியென்றால் வாகரைக் காட்டோரத்தில் எனக்குத் தண்ணீர் தந்தவர் யார்? பெண் வீட்டுக்காரர். அந்த வீட்டு வாசலால் போகிறவர்கள் விருந்தாளிபோலப் போக வேண்டும். நின்று சுகம் விசாரிக்க வேண்டும். பிளாஸ்டிக் போத்தலை எறிந்துவிட்டுப் போகக்கூடாது.

இனி நீ கேட்டது. செருப்பு ஒரு சோடி போதும், இப்போதே போட்டுப் பழகு. விடியுமுன் நட, பத்து மணிக்கு நிழலில் இரு, நாலு மணிக்கு மறுபடி எழும்பு. தாகம் வருமுன் குடி. கொப்புளத்தை உடைக்காதே, துணி சுற்று. கூட்டத்தை விட்டு முந்தாதே. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனியும் காய்ச்சல் மாத்திரையும் எடுத்துக்கொள்.

பையில் ஒரு சிரட்டைக்கும் இடம் வை. வாகரைப் பக்கம் வயது போன யாரையாவது கண்டால், பூவல் எங்கே தோண்டலாம் என்று கேள். சொல்லித்தருவார்கள். முதல் இரண்டு தண்ணீரையும் இறைத்துவிட்டு, பொறுத்திரு.

அன்புடன்,
உன் மாமா