பிறர் சொல் கேட்டுப் பட்டு வாங்குதல்

கலியாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் செல்வோர், முன்பு அங்கே சேலை எடுத்த உறவினர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். அவர் கொடுத்த விலையும், அவர் வீட்டுச் சேலை பத்தாண்டு கழித்து இருக்கும் நிலையும் நமக்குத் தெரியுமாதலால், அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இன்றோ கைப்பேசியில் படத்தைப் பார்த்து, அதன்கீழ் முகமறியாதவர்கள் எழுதிய மதிப்புரைகளையும் அவர்கள் இட்ட நட்சத்திரங்களையும் நம்பிப் பணம் செலுத்துகிறோம்.

எழுதியவர் எதை நேரில் அறிந்திருக்கக்கூடும் என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். சேலை குறித்த நாளில் வந்ததா, நிறம் படத்திலுள்ளபடி இருந்ததா என்பவற்றை வாங்கியவர் எவரும் சொல்லலாம். ஆனால் 'அசல் பட்டு, அசல் ஜரிகை' என்று எழுதுபவர் அதை எவ்வாறு சோதித்தார்? காஞ்சிபுரத்து அசல் ஜரிகை, சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். பட்டிழையைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். புதுச் சேலையில் இவ்வாறு செய்து பார்ப்பவர் எத்தனை பேர்?

வந்த அன்றே எழுதிய புகழ்ச்சியைவிட, ஓராண்டு உடுத்தியபின் எழுதிய குறை பயனுடையது. ஒரே வாரத்தில், ஒரே நடையில் புகழுரைகள் குவிந்திருப்பின் ஐயுறத்தான் வேண்டும். விற்பவர் கூலி கொடுத்து எழுதுவிக்கும் மதிப்புரை கூடாதென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்னும் தரவிதியை வெளியிட்டது; எனினும் அப்போது அது கட்டாயமாக்கப்படவில்லை. விசைத்தறிப் போலியை இவ்வாறு பலர் புகழ்ந்தால், நஷ்டம் வாங்குபவருக்கு மட்டுமன்று. மூன்று நாடாக்களைக் கொண்டு, துணையாள் ஒருவருடன் பல நாள் கோர்வை நெய்த நெசவாளியின் சேலையும் விலை போகாமல் கிடக்கும்.

கண்ணால் அறிய இயலாத தன்மைகளுக்கு முத்திரையே தக்க சான்று. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்', பட்டு தூயது என்று மட்டுமே கூறும். ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ ஒன்றும் கூறாது. கைத்தறிக்கு வேறு முத்திரை உண்டு. காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயருக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

எங்கு வாங்கினாலும், பட்டு, ஜரிகை இரண்டின் தன்மையையும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்கலாம். ஏமாற்றப்பட்டவர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடும்போது, அந்த ரசீதும் விற்பவர் செய்த விளம்பரத்தின் நகலும் கைவசம் இருக்க வேண்டும்.