ஒளுவும் ஒரு செம்புத் தண்ணீரும்

சுபுஹு பாங்கு கேட்டு எழுந்ததும் நாம் முதலில் நாடுவது தண்ணீரைத்தான். மழை மறைவுப் பகுதியான பல்லடம் வட்டாரத்தாருக்கு அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ! பக்கத்துத் திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லுமளவுக்கு முற்றியது. பட்டறைக்காரரைக் குறை கூறும் நாம், மஸ்ஹுச் செய்யும்போது குழாயை மூடுகிறோமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். நான்கைந்து முத்தில் குளித்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஹனஃபி கணக்கில் ஒரு முத்து சுமார் ஒரு லிட்டர். ஷாஃபி கணக்கில் இன்னும் குறைவு.

உறுப்புகளை மும்முறை கழுவுவது சுன்னத். தேவையின்றி அதற்கு மேல் போவது மக்ரூஹ். பள்ளிவாசல் தண்ணீரோ வக்ஃபு. அதை விரயம் செய்வது ஹராம் என்றே ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நன்மை தேடிப் போன இடத்தில் இப்படியும் ஒரு பாவமா!

இரவே ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வையுங்கள். கீழே அகன்ற பாத்திரம் ஒன்று. ஒளுச் செய்து விழுந்த தண்ணீர் மறு ஒளுவுக்கு ஆகாது. ஆனால் அது நஜீஸ் அல்ல. முற்றத்து முருங்கைக்குத் தாராளமாக ஊற்றலாம். முதல் இரண்டு நாள், கால் கழுவுமுன்பே செம்பு காலியாகும். பிறகு கை தானே அளவு பழகிக்கொள்ளும்.